மேகத்துக்கு விடும் தூது

ஆண்டாள் தம் நாச்சியார் திருமொழியில் மேகங்களை அழைத்து, வேங்கடத்து இறைவனிடம் தம் செய்தியைக் கொண்டு சேர்க்குமாறு வேண்டுகிறார். மேகத்தைத் தூது விடுதல் நம் மொழிக்குப் பழகிய மரபு. அந்த வேங்கடத்தின் அடிவாரத்திலும் சித்தூரிலும் குடியேறி வாழும் நம் இல்லங்களில் இன்று வேறொரு மேகத்தைப் பற்றிய பேச்சு அடிபடுகின்றது. “பையன் ஏதோ ‘கிளவுட்’ என்கிறான், இரவெல்லாம் கறுப்புத் திரையில் வெள்ளெழுத்துகளைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அது படிப்புத்தானா?” என்று நம் சங்கத்து அன்னையர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. படிப்புத்தான் என்பதே விடை. அந்தக் கறுப்புத் திரையில் நிகழ்வது என்ன, அதில் பிள்ளைகள் தடுமாறும் இடம் எது, பெற்றோர் கவனிக்க வேண்டியது எது என்பவற்றை இம்மாதம் சொல்ல முயல்கின்றேன்.

மேகம் என்று பெயரிட்டார்களே ஒழிய, அது வானத்தில் இல்லை. திருமணத்துக்காக ஒருவர் தம் வீட்டை இடித்து மண்டபமாகக் கட்டுவதில்லை. ஒரு நாளைக்குக் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுக்கின்றார். இருநூறு பேர் என்றால் சிறிய மண்டபம். இரண்டாயிரம் பேர் என்றால் பெரியது. முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். கணிப்பொறிக்கும் அதுவே வழி. திருமலையின் 300 ரூபாய்ச் சிறப்புத் தரிசனச் சீட்டுகள் இணையத்தில் வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். குறித்த மணிக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் ஒரே வாயிலில் வந்து மோதுகின்றனர்; சற்று நேரத்தில் சீட்டுகள் தீர்ந்து வாயில் வெறிச்சோடிவிடுகின்றது. அந்தச் சில நாழிகைக்காக ஆண்டு முழுவதும் ஆயிரம் கணிப்பொறிகளை வாங்கி அடுக்கிவைப்பது எவருக்கும் கட்டாது. இத்தகைய தேவைக்கென்றே, பெருங்கட்டடங்களில் கணிப்பொறிகளை நிரப்பி, வேண்டுவோர்க்கு வேண்டிய நேரத்துக்கு வாடகைக்கு விடும் தொழில் பிறந்தது. அமெசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கிற்று. நம் நாட்டில் மைக்ரோசாஃப்ட் 2015-இல் சென்னை, மும்பை, புனே ஆகிய இடங்களிலும், அமெசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும், கூகுள் 2017-இல் மும்பையிலும் இத்தகைய நிலையங்களைத் திறந்தன. ஆகவே நம் பிள்ளை திருப்பதியிலிருந்து விடும் தூது மும்பைக்கோ ஐதராபாத்துக்கோ செல்வதாக இருக்கலாம்.

தூது எவ்வாறு செல்கின்றது? படங்களும் பொத்தான்களும் நிறைந்த இணையப் பக்கத்தின் வழியே வேலை வாங்கலாம். அது கடைக்கு நேரில் சென்று கைகாட்டிப் பொருள் கேட்பது போன்றது. மற்றொரு வழி, சொற்களால் கட்டளையிடுவது. இதற்கு நம் தலைமுறை அறிந்த உவமை தந்தி. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டோடு நின்றுபோன அந்தத் தந்தியில், சொல்லுக்குச் சொல் காசு எண்ணிச் செய்தியைச் சுருக்கி எழுதுவோம். ஒரு சொல் பிசகினால் பொருளே மாறிவிடும். கட்டளைவரியும் அவ்வாறே சுருக்கமானது; எழுத்துப் பிழையைப் பொறுக்காதது. ஆயினும் ஒருமுறை சரியாக எழுதிவைத்த கட்டளையை நூறு முறை, இரவில் நாம் உறங்கும்போதுகூட, தானே நடக்கச் செய்யலாம். தொழிலில் இருப்போர் அதனை விரும்புவது இக்காரணத்தாலேயே. இவ்வாறு கட்டளைகளைப் பெற்று மேகத்துக்கு எடுத்துச் செல்லும் தூதுவனாக அமெசான் இலவசமாக வழங்கும் கருவியின் முதற்பதிப்பு, தந்தி நின்ற அதே 2013-ஆம் ஆண்டின் செப்டம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 2020 பிப்ரவரியில் வந்தது. இவ்விரண்டு பதிப்புகளும் ஒரே பெயரைத் தாங்கி நிற்பதே எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு நேர்ந்த ஒரு தொல்லைக்கு வேராயிற்று.

என் தங்கையின் கணவர் சித்தூரில் ஒரு வெல்ல மண்டியில் கணக்கு எழுதுபவர். அவர்களுடைய மகன் என் வீட்டில் தங்கித் திருப்பதியில் ஒரு பொறியியற் கல்லூரியில் இறுதியாண்டு படித்துவந்தான். முதலாண்டுக் கட்டணத்துக்கே தங்கை தன் கைவளையல்களை அடகு வைத்திருந்தாள். திங்கட்கிழமை கல்லூரிக்கு ஒரு நிறுவனத்தார் வேலைக்கு ஆள் தேர வருவதாக இருந்தது. மாணவர்கள் தாம் செய்த திட்டத்தை அவர்கள் முன் இயக்கிக் காட்ட வேண்டும். மருமகன் செய்திருந்ததோ தந்தையின் தொழிலை ஒட்டியது: மண்டியின் அன்றாட வெல்ல விலையை மேகத்தில் சேமித்துவைத்து, கேட்பவர் கைபேசிக்குச் சொல்லும் ஏற்பாடு.

சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அவன் மடிக்கணினியை மூடிவிட்டு, “மாமா, திங்கட்கிழமை நான் போகவில்லை” என்றான்.

“ஏன் அப்பா?”

“கல்லூரியில் புதுமுறையில் உள்நுழையச் சொல்கிறார்கள். அந்தக் கட்டளையை எழுதினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. கருவியை மூன்று முறை நிறுவிவிட்டேன். மற்றவர்களுக்கெல்லாம் நடக்கிறது. எனக்குத்தான் இந்தத் தொழில் வராது போலிருக்கிறது.”

அந்தக் கடைசிச் சொற்களே என்னை வருத்தின. கருவியின் பிழையைத் தன் அறிவின் பிழையாகக் கொள்ளும் பிள்ளைகள் நம்மிடையே பலர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பாடத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே வளரும் பிள்ளை, ஆங்கிலத்தில் வரும் ஒரு மறுப்பைக் கண்டதும், ‘நான் ஏதோ தவறு செய்துவிட்டேன்’ என்று தலைகுனிந்துவிடுகிறான். எனக்கோ அந்த வித்தை தெரியாது. அடுத்த வீட்டுப் பெண் பெங்களூரில் இத்தொழிலில் இருப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். ஞாயிறு காலை அவளை அழைத்தேன்.

அவள் வந்ததும் வேறெதையும் தொடவில்லை. “தம்பி, முதலில் உன் தூதுவனிடம் அவன் பதிப்பைக் கேள்” என்றாள். கருவியின் பெயரான ‘ஏடபிள்யூஎஸ்’ என்பதை எழுதி, ஓர் இடம் விட்டு, இரண்டு சிறு கோடுகளோடு ‘வெர்ஷன்’ என்று சேர்த்து எழுதினான். வந்த விடையின் முதல் எண் ஒன்று.

“இரண்டாம் பதிப்பைத்தானே அக்கா நிறுவினேன்!” என்று திகைத்தான்.

“நிறுவினாய்; அது உன் கணிப்பொறியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நீ கூப்பிடும்போது ஓடிவருவது வேறொருவன். ஒரே பெயருள்ள இருவர் வீட்டில் இருந்தால், வாயிலுக்கு அருகில் இருப்பவன்தானே முதலில் வருவான்?”

கணிப்பொறியில் ஒரு பெயரைச் சொன்னால், அது சில கோப்புறைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிச் செல்லும். அந்த வரிசைக்குப் ‘பாத்’ என்று பெயர். முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். அந்தப் பெயருடைய கருவிகள் எங்கெங்கு உள்ளன என்று கேட்கவும் கட்டளை உண்டு. விண்டோஸில் ‘வேர்’ என்றும், லினக்ஸிலும் மாக்கிலும் ‘விச்’ என்பதோடு ஒரு கோடும் ‘ஏ’ எழுத்தும் சேர்த்தும் எழுதி, பின் கருவியின் பெயரை எழுத வேண்டும். அவன் எழுதினான், இரண்டு முகவரிகள் வந்தன. ஒன்று அவன் இப்போது நிறுவிய இரண்டாம் பதிப்பு. வரிசையில் அதற்கு முன் நின்றது, ஈராண்டுகளுக்கு முன் ஒரு பழைய பாடக்குறிப்பைப் பார்த்துப் பைத்தான் மொழியின் ‘பிப்’ என்னும் கருவியால் அவனே நிறுவி மறந்துபோன முதற்பதிப்பு. ‘பிப்’ வழியே கேட்டால் முதற்பதிப்பே வரும்; இரண்டாம் பதிப்பை அமெசான் அவ்வழியில் வழங்குவதில்லை. கல்லூரி சொன்ன புதுமுறை உள்நுழைவோ இரண்டாம் பதிப்புக்கு மட்டுமே தெரிந்தது. தெரியாததைத் தெரியாது என்று பழைய தூதுவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.

‘பிப்’ வழியே வந்ததை ‘பிப்’ வழியே நீக்கினர். பழைய திரையை மூடிப் புதிய திரையைத் திறந்து மீண்டும் பதிப்பைக் கேட்டபோது முதல் எண் இரண்டாக இருந்தது. மறுத்துவந்த கட்டளை மறுசொல்லின்றி நடந்தது. மருமகன் ஓர் இரவு முழுதும் தன்னை நொந்துகொண்ட காரியம், காப்பி ஆறுவதற்குள் தீர்ந்தது.

அன்று அந்தப் பெண் சொல்லியவற்றை நான் குறித்துக்கொண்டேன். நம் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பயன்படுமாறு அதனை இங்கே தருகின்றேன்.

கருவியை எப்போதும் அதனை வெளியிடும் நிறுவனத்தின் பக்கத்திலிருந்தே பெற வேண்டும். யாரோ ஒருவர் அனுப்பிய கோப்பையோ, பழைய பேனா டிரைவில் கிடந்ததையோ நிறுவக் கூடாது. விண்டோஸுக்கு ஒரு நிறுவற்கோப்பும், மாக்குக்கு ஒன்றும் அங்கே கிடைக்கும். திறந்து, கேட்பதற்கு இசைந்து சென்றால் போதும். லினக்ஸுக்குச் சுருக்கிக் கட்டிய ஒரு பொதி கிடைக்கும். அதிலும் கணிப்பொறியின் மூளை இன்டெல் வகையா ஆர்ம் வகையா என்று பார்த்து உரியதை எடுத்து, பொதியைப் பிரித்து, உள்ளிருக்கும் ‘இன்ஸ்டால்’ என்னும் நிரலை நிர்வாகி உரிமையுடன் இயக்க வேண்டும். பொதி இடையில் மாற்றப்படாமல் வந்ததா என்று முத்திரையை ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி தந்திருக்கின்றனர். நிறுவியதும் புதிய திரையைத் திறந்து பதிப்பைக் கேட்பது முடிவான சோதனை.

புதுப்பித்தலுக்கு அவள் ஒரே விதி சொன்னாள்: கருவி எவ்வழியில் வந்ததோ, அவ்வழியிலேயே புதுப்பிக்க வேண்டும். விண்டோஸிலும் மாக்கிலும் புதிய நிறுவற்கோப்பை இறக்கி, பழையதன்மேல் இயக்கினால் போதும். லினக்ஸில் புதிய பொதியைப் பிரித்து, அதே ‘இன்ஸ்டால்’ நிரலோடு இரண்டு கோடுகளும் ‘அப்டேட்’ என்ற சொல்லும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிடில், ‘இங்கே முன்பே ஒன்று இருக்கின்றது’ என்று சொல்லி நின்றுவிடும். மருமகன் அதனையும் தோல்வி என்றே எண்ணியிருந்தான். உபுண்டு வழங்கும் ‘ஸ்னாப்’ வழியே நிறுவியிருந்தால் அது தானே புதுப்பித்துக்கொள்ளும். மற்ற நிறுவனங்களின் கருவிகளுக்கும் இதுவே விதி. கூகுளின் கருவிக்குத் தன்னைத் தானே புதுப்பிக்கும் கட்டளை உண்டு; ஆனால் லினக்ஸின் ‘ஆப்ட்’ வழியே அதனை நிறுவியவர் ‘ஆப்ட்’ வழியேதான் புதுப்பிக்க முடியும். மைக்ரோசாஃப்டின் கருவியில் ‘ஏஇசட் அப்கிரேட்’ என்று எழுதினால் போதும். ஆகவே நிறுவும் அன்றே, எந்த வழியில் நிறுவினோம் என்று ஒரு வரி எழுதிவைப்பது நலம். வழி மறந்துபோனால், இரண்டாவது ஒன்றை அதன்மேல் ஏற்றுமுன் முதலாவது எங்கிருக்கின்றது என்று கேட்டறிய வேண்டும்.

“பழையதே நன்றாக ஓடும்போது ஏன் புதுப்பிக்க வேண்டும்?” என்று நான் கேட்டேன். மேகத்தில் புதிய சேவைகள் இடையறாது வந்துகொண்டிருக்கின்றன. தூதுவன் தான் பிறந்த நாள்வரை உள்ள சொற்களையே அறிவான் என்பது அவள் விடை. பாதுகாப்புக் குறைகளைத் திருத்துவதும் புதிய பதிப்புகளே. அதே வேளையில், புதுப்பித்தலால் பழைய பழக்கம் தவறுவதும் உண்டு. முதற்பதிப்பில் நீண்ட விடை திரையில் முழுவதும் கொட்டிவிடும். இரண்டாம் பதிப்பிலோ அது பக்கம் பக்கமாக நின்று, அடுத்த பக்கத்துக்கு நம் விரலை எதிர்பார்க்கும். இதனை அறியாதவர் கருவி செயலற்றுவிட்டது என்று எண்ணுவர். பழைய கட்டளைகள் சில நீக்கப்பட்டு வேறு பெயரில் வந்துள்ளன. எனவே தேர்வுக்கோ நேர்காணலுக்கோ முதல் நாள் இரவில் புதுப்பிக்க வேண்டாம். ஒரு வாரம் முன்னரே புதுப்பித்து, தன் வேலை முழுவதையும் ஒருமுறை நடத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய வெளியீடுகள் வாரத்தில் பலமுறைகூட வருவதால் ஒவ்வொன்றையும் துரத்த வேண்டுவதில்லை. மாணவர்க்கு மாதம் ஒருமுறை போதும்.

இனிச் சொல்லப்போவது பெற்றோர்க்கும் உரியது. கருவி நிறுவியானபின், ‘கன்ஃபிகர்’ என்னும் கட்டளை நான்கு விவரங்களைக் கேட்கும்: சாவியின் அடையாளம், மறைச்சாவி, எந்த ஊர் நிலையம், விடை எந்த வடிவில் வர வேண்டும் என்பன. ஊரைப் பொறுத்தவரை மும்பை தொடக்கத்திலேயே திறந்திருக்கும். ஐதராபாத்தைக் கணக்கின் உரிமையாளர் தாமே திறந்துவிட்டால்தான் பயன்படும். இந்த நான்கில் உயிரானது மறைச்சாவி. அதனை உடையவர் எவரோ, அவரே மேகத்துக்குக் கணக்கின் உரிமையாளர். தூதுவன் இலவசம், அவன் சொல்லித் திறக்கும் மண்டபத்துக்கு வாடகை உண்டு.

அன்று மருமகனின் திட்டக் கோப்புறையைப் புரட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண் திடீரென்று கையை எடுத்துவிட்டாள். ஈராண்டுகளுக்கு முன் அவன் தந்தையின் வங்கி அட்டையைக் கொடுத்துத் திறந்த சொந்தக் கணக்கின் சாவியும் மறைச்சாவியும், ஒரு கோப்பில் அப்படியே எழுதிக் கிடந்தன. அந்தக் கோப்புறை முழுவதையும் அன்று மாலை எல்லாரும் காணக்கூடிய ‘கிட்ஹப்’ தளத்தில் ஏற்ற அவன் எண்ணியிருந்தான். அத்தகைய தளங்களை இரவு பகலாகத் துழாவி, சிந்திய சாவிகளைப் பொறுக்கும் நிரல்களை ஓடவிட்டிருக்கும் திருடர் உண்டு. சில நிமிடங்களில் சாவியைக் கண்டெடுத்து, பிறர் கணக்கில் பெரும் கணிப்பொறிகளைத் திறந்து, தம் மின்பணத்துக்காக ஓடவிடுவர். பட்டியல் உரிமையாளர் பெயரில் வரும். வளையல் அடகிலிருக்கும் வீட்டுக்கு அப்படி ஒரு பட்டியல் வந்தால் என்னாகும் என்று எண்ணியபோது எனக்கு நா வறண்டது.

அவள் அந்தச் சாவியைக் கணக்கின் பக்கத்துக்குச் சென்று முதலில் செயலிழக்கச் செய்து, எதுவும் தடைப்படவில்லை என்று கண்டபின் அடியோடு நீக்கச் செய்தாள். “ஏற்றிவிட்டால் பிறகு அந்தக் கோப்பை மட்டும் அழித்துப் பயனில்லை, தம்பி, பழைய படிகளில் அது நிலைத்திருக்கும். சாவியைத்தான் மாற்ற வேண்டும்” என்றாள். இரண்டாம் பதிப்பில் உள்ள புதுமுறை உள்நுழைவு, சில மணி நேரத்தில் தானே காலாவதியாகும் தற்காலிகச் சாவியைத் தருகின்றது. கல்லூரி அதனை வற்புறுத்தியதன் நியாயம் அப்போதுதான் அவனுக்கு விளங்கிற்று. பழைய கருவியை விட்டுவிடாதிருந்தால் இழப்பது ஒரு கட்டளையை மட்டுமன்று; பழைய ஆபத்தையும் வீட்டிலேயே வைத்திருப்பதாகும்.

ஆதலால் பெற்றோரே, பிள்ளைக்கு உங்கள் வங்கி அட்டையைக் கொடுத்திருந்தால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருக்கிறாயா? குறித்த தொகையைத் தாண்டினால் மின்னஞ்சல் வருமாறு ‘பட்ஜெட்’ எச்சரிக்கை அமைத்திருக்கிறாயா? சாவியை எங்கே வைத்திருக்கிறாய்? எச்சரிக்கை செலவைத் தடுத்து நிறுத்தாது. சொல்ல மட்டுமே செய்யும். ஆகவே திறந்ததை மூடினாயா என்ற நான்காவது வினாவும் வேண்டும். இவற்றைக் கேட்கக் கணிப்பொறி அறிவு தேவையில்லை. கடைச் சாவியும் கல்லாப் பெட்டியும் காத்துப் பழகிய நமக்கு இக்கேள்விகள் இயல்பாகவே வரும்.

திங்கட்கிழமை மருமகன் சென்றான். வெல்ல விலையை இயக்கிக் காட்டினான். முதற்சுற்றில் தேறி, இரண்டாம் சுற்றில் நின்றுவிட்டான். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மூன்று திங்கள் கழித்து வேறோர் இடத்தில் கிடைத்தது. இப்போது சென்னையில் இருக்கின்றான். சென்ற மாதம் வளையல்களை மீட்டுத் தாயின் கையில் போட்டான். அவன் அன்றைய இரவில் சொன்ன, ‘எனக்கு இந்தத் தொழில் வராது’ என்ற சொல்லை இப்போது நினைவூட்டினால் நாணிச் சிரிக்கின்றான்.

நம் இல்லங்களில் இன்றிரவும் எங்கேனும் ஒரு பிள்ளை கறுப்புத் திரையின் முன் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். தம்மை நொந்துகொள்ளுமுன், ‘வந்து நிற்பவன் எந்தத் தூதுவன்?’ என்று ஒரு வரி எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். இத்தொழிலில் இருக்கும் நம் சங்கத்து இளைஞர்கள், விடுமுறைக்கு ஊர் வரும்போது அடுத்த வீட்டுப் பிள்ளையின் அருகில் ஒரு நாழிகை அமர்ந்து செல்வார்களானால், அதனினும் பெரிய உதவி வேறில்லை.